ஐயாவாடித் தாய்க்கு அத்தை கொடுத்த மிளகாய்

இரண்டு வருடமாக எங்கள் வீட்டு சாமி அலமாரியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. உள்ளே 11 ரூபாய். என் மாமியார் முடிந்து வைத்தது. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் அந்த முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "இந்தா வந்துடறேன், கோவிச்சுக்காத" என்பார். இந்தச் சித்திரை அமாவாசைக்குத்தான் கும்பகோணம் பக்கத்து ஐயாவாடியில் இருக்கும் பிரத்யங்கிரா தேவி எங்களைக் கூப்பிட்டாள்.

நேர்த்திக்கடன் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வருடத்தில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை வண்டியில் விபத்து. இரண்டாவது விபத்துக்குப் பிறகு தூக்கமே போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் காட்டி மருந்தும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே என் வயிற்றைக் கலக்கிவிட்டார்கள். பயத்தில் நானே ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் கேட்ட பொருட்களை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இவருடைய தலைமுடி, துவைக்காத சட்டை, காலடி மண், கருங்கோழி, ஒன்பது எலுமிச்சம்பழம், இதற்கெல்லாம் மேலே 40,000 ரூபாய். கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியைத் தோண்டி, ஊசி குத்திய எலுமிச்சம்பழத்தையும் ஒரு செப்புத் தகட்டையும் எடுத்துக் காட்டினார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

அத்தை அந்தத் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வருடம் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த கை அது. "ஏப்பா, தேச்சு வச்ச குடமே ரெண்டு நாள்ல கறுத்துப் போகுது. போன மாசம் அவ்வளவு மழை பேஞ்ச மண்ணுக்குள்ள கெடந்த தகடு, இப்படியா மினுக்கும்?" என்றார். அவ்வளவுதான். அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே அத்தை குளித்துவிட்டு வந்து காசை முடிந்தார். "ஐயாவாடிக்காரிக்கு என் கையால காய வச்ச மிளகாய் கொண்டாந்து போடுறேன். என் புள்ளைய அவ பாத்துக்குவா." அவருக்குத் தெரிந்த மந்திரம் அது ஒன்றுதான்.

அத்தைக்கு மிளகாய்தான் மருந்து, மிளகாய்தான் மாந்திரீகம். பிள்ளைகள் அழுதாலும் சரி, புதுச்சட்டை போட்டாலும் சரி, கல் உப்பு, காம்போடு மூன்று மிளகாய், முச்சந்தி மண் எடுத்து மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுவார். நெடி அடித்தால் ஒன்றுமில்லை. நெடியே வராமல் கருகினால், "பாத்தியா, அத்தனை கண்ணும் அதுல போயிருக்கு" என்பார். இவருக்குத் தூக்கம் போயிருந்த அந்த மாதங்களில் ஒரு நாள்கூட நெடி வரவில்லை. நான் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் பூமி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த மிளகாய்தான். பங்குனி வெயிலில் களத்தில் பரப்பி, காகத்தை விரட்டிக்கொண்டு, பனி இறங்குவதற்குள் அள்ளி, மறுநாள் திரும்பப் பரப்பி என்று பத்து நாள் அத்தை அதோடேயே கிடந்தார். ஒடிந்தது, வெளுத்தது ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று ஆடினால்தான் பைக்குள் போகும். "காம்பு கிள்ளிடாத ஆத்தா, முழுசாப் போகணும்" என்று என்னிடம் நாலு தடவை சொன்னார். கடைசியில் மூன்று கிலோ தேறியது. புது மஞ்சள் பையில் கட்டிக்கொண்டோம்.

காரைக்குடி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ராத்திரி முழுக்க பஸ் மாறி மாறி, விடியும்போது கும்பகோணம். முட்டி வலியோடு அத்தை எப்படி அந்தப் படிகளை ஏறி இறங்கினார் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். காலையில் முதலில் ஒப்பிலியப்பனைச் சேவித்தோம். உப்பில்லாத பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு அத்தை சொன்னதை மறக்கவே மாட்டேன்: "ஒரே ரோட்டுல பாரு ஆத்தா, இவருக்கு உப்பு கூடாது, அங்கன ராகுவுக்குப் பால், அந்தப் பக்கம் அவளுக்கு மிளகாய். யாருக்கு எது புடிக்குமோ அதக் குடுத்துட்டுப் போவோம்." திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் ஆகும்போது பால் நீலமாக இறங்குவதையும் கண்ணாரப் பார்த்தோம். அங்கிருந்து ஆட்டோ.

ஐயாவாடியில் கால் வைக்க இடமில்லை. அமாவாசை என்றால் அப்படித்தான் என்று தெரிந்தேதான் போனோம், ஆனாலும் அப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதைவிடக் கொடுமை வெளியே நின்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள். "யாக சாமான் செட் வாங்கும்மா, வீட்டு மிளகாயெல்லாம் உள்ள வாங்க மாட்டாங்க" என்று ஒருவர் அத்தையின் பையிலேயே கையை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வயதான மனுஷி பத்து நாள் வெயிலில் காய வைத்ததை, வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? அவளைத் தேடிப் பயந்துகொண்டு வருகிறவர்களை இன்னும் பயமுறுத்திக் காசு பார்க்கிறவர்களை அவளே கேட்கட்டும். உள்ளே போனதும் யாகசாலைப் பக்கம் நின்ற பையன் ஒருவன் ஒரு வார்த்தை கேட்காமல் பையை வாங்கி, மற்ற மூட்டைகளோடு வைத்தான்.

அமாவாசையில் இங்கே மிளகாய் போட்டுச் செய்வது நிகும்பலை யாகம். இராமாயணத்தில் இந்திரஜித் செய்தது. அது முடிந்துவிட்டால் அவனை வெல்ல முடியாது என்று விபீஷணன் சொல்ல, இலக்குவன் போய்த் தடுத்த யாகம். அவன் அதைச் செய்தது இந்த மண்ணில்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. பஞ்சபாண்டவர்கள் வந்து கும்பிட்டதால் ஐவர்பாடி, அதுவே ஐயாவாடி ஆயிற்று என்றும் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், மிளகாய் நம் ஊருக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான், அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான் என்றார். கடல் தாண்டி வந்த பொருளையும் தன் பொருளாக்கிக்கொண்டாளே என்று எனக்குச் சிலிர்த்தது.

குண்டத்தில் தீ நின்று எரிந்தது. எருக்கு, புரசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அருகு, தர்ப்பை என்று ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய சமித்து விழ விழ நெய் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மிளகாய் மூட்டைகளைப் பிரித்தார்கள். எனக்கு வீசிங் உண்டு. வீட்டில் தாளிப்பில் இரண்டு மிளகாய் கருகினாலே வாசலுக்கு ஓடுகிறவள் நான். இன்ஹேலரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானையை மூக்கில் அழுத்தியபடி நின்றேன். கூடை கூடையாகக் கொட்டினார்கள். தீ ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பியது. நடுவில் எங்கள் மஞ்சள் பை தெரிந்தது. அது கவிழ்ந்தபோது, அந்தக் குண்டு குண்டு மிளகாய்கள் உருண்டு விழுந்ததை நான் பார்த்தேன். அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "இந்தா தாயே, ஒன் மிளகாய். எம்புள்ளையக் குடு" என்றார்.

நான் இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. முந்தானையை மெதுவாக எடுத்தேன். நெய் வாசம்தான் வந்தது. அத்தனை ஆயிரம் பேர் நிற்கிறோம், ஒரு கைக்குழந்தைகூட இருமவில்லை. நெருப்பின் சூட்டில் எல்லாம் எரிந்துவிடும் என்று காரணம் சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்த நேரத்தில் அத்தை அடுப்படியில் சொல்லும் வார்த்தைதான் காதில் கேட்டது. இத்தனை பேர் வீட்டுக் கண்ணும், பொறாமையும், பயமும் அந்தக் குண்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் சந்நிதி. என்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வரிசை போட்டு வைத்திருந்தேன். சிம்ம முகம் என்றதும் உக்கிரமாக இருப்பாள் என்று உள்ளுக்குள் நடுக்கம் வேறு. தீபாராதனை காட்டினார்கள். சுடர் மேலே ஏறி அவள் முகத்தில் நின்ற அந்த ஒரு நொடியில், அம்மா, சிரித்தாள். வெளியே விளையாடிவிட்டுத் தாமதமாக வந்த பிள்ளையைத் தாய் பார்ப்பாளே, அந்தச் சிரிப்பு. வரிசை எல்லாம் மறந்துபோய்விட்டது. தலைமுடியும் காலடி மண்ணும் எடுத்துக்கொடுக்கத் துணிந்த இந்தப் பாவியையும் சேர்த்து அல்லவா பார்த்தாள்! பின்னால் தள்ளுகிறார்கள், "நகரும்மா, நகரும்மா" என்று சத்தம் போடுகிறார்கள், எனக்குக் கால் நகரவில்லை. இவர்தான் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

அத்தை 11 ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு, காலியான மஞ்சள் துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பி வரும்போது தஞ்சாவூர் பஸ்ஸில் இவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி. புதுக்கோட்டை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் தூக்கம் கலையக் கூடாதென்று.

வீட்டுக்கு வந்ததும் அத்தை செய்த முதல் வேலை, இவரைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து உப்பு மிளகாய் சுற்றியது. களத்தில் மிச்சமிருந்த அதே மிளகாய்தான். அடுப்பில் போட்ட மாத்திரத்தில் அப்படி ஒரு நெடி! நான் இருமி, இவர் இருமி, பக்கத்து வீட்டிலிருந்து "என்னக்கா, என்னத்தக் கருக்குறீங்க?" என்று குரல் வந்தது. கண்ணீர் வழிய அத்தை கதவைத் திறந்துவிட்டு, "இருமுங்க, நல்லா இருமுங்க" என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.