எழுதாமல் விட்ட மெத்தட் எப்போது தெரியவர வேண்டும்?

பைத்தான் நிரல்மொழியில் நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், வங்கிகள் அனுப்பும் கோப்புகளைப் படிப்பதற்கென ஓர் அடிப்படை வகுப்பு, அதாவது மற்ற வகுப்புகளுக்கான நிரல் வார்ப்பு, இருந்தது. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு துணை வகுப்பு எழுதி, சில மெத்தட்களை, அதாவது குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதிகளை, அதில் கட்டாயம் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டாயம், அடிப்படை வகுப்பில் ‘நாட்இம்ப்ளிமென்டட்எரர்’ (இன்னும் எழுதப்படவில்லை என்னும் பிழை) எழுப்பும் ஒரு வரியாக மட்டுமே இருந்தது. புதிதாகச் சேர்ந்த வங்கி ஒன்றின் வகுப்பில் ரீஃபண்ட் வரிகளைக் கையாளும் மெத்தட் விடுபட்டிருந்தது. சோதனைக் கோப்புகளில் அத்தகைய வரியே இல்லாததால் சோதனைகள் அனைத்தும் தேறின. மாத இறுதிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த இரவில் உண்மையான ரீஃபண்ட் ஒன்று வந்தபோதுதான் நிரல் நின்றது.

மெத்தட் அழைக்கப்படும் வரை அந்த வரி வாய் திறக்காது என்பதே சிக்கல். ஜாவா மொழியில் ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ (துணை வகுப்பு நிரப்ப வேண்டியது) என்று அறிவித்திருந்தால், நிரலை ஓட்டுவதற்கு முன்பே கம்பைலர் தடுத்திருக்கும். பைத்தானில் அதற்கு நெருக்கமானது, 2008இல் 2.6, 3.0 பதிப்புகளுடன் வந்த ‘ஏபிசி’ மாட்யூல். அடிப்படை வகுப்பை அதற்கு மாற்றியதும், மெத்தட் விடுபட்ட வகுப்பிலிருந்து ஆப்ஜெக்ட் (அந்த வார்ப்பின்படி அமையும் பொருள்) உருவாக்கும்போதே, விடுபட்டதன் பெயரைச் சொல்லி ‘டைப்எரர்’ என்ற பிழை வந்தது.

இருப்பினும் இதை முழுமையாக நம்பிவிட முடியாது. அடிப்படை வகுப்பு ‘ஏபிசி’யிலிருந்து வராவிட்டால், மெத்தட்டின் மேல் எழுதும் ‘ஆப்ஸ்ட்ராக்ட்மெத்தட்’ என்ற குறி (டெக்கரேட்டர்) எதையும் தடுக்காது. துணை வகுப்பு ‘டிக்ட்’ போன்ற, மொழியிலேயே உள்ளமைந்த வகையிலிருந்தும் வந்தால் இந்தச் சரிபார்ப்பு நடப்பதே இல்லை. மெத்தட்டின் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கப்படும், அதன் அளவுருக்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படுவதில்லை. எங்களுக்கு இன்னொரு இடரும் இருந்தது: வங்கியின் கோப்பு வந்த பிறகே அதற்கான ஆப்ஜெக்ட் உருவாகும். ஆகவே துணை வகுப்பு உருவாகும் கணத்தில் தானாக ஓடும், 3.6 பதிப்பு தந்த ‘இனிட் சப்கிளாஸ்’ மெத்தட் வழியாக, வகுப்பு வரையறுக்கப்படும்போதே சோதித்தோம். அந்தக் கட்டத்தில் ‘ஏபிசி’யின் ஆப்ஸ்ட்ராக்ட் பட்டியல் இன்னும் கணக்கிடப்பட்டிருக்காது என்பதால், கட்டாய மெத்தட்களின் பெயர்களை நாங்களே தனியாக வைத்துக்கொள்ள நேர்ந்தது. சற்றுக் கூடுதல் வேலைதான். ஆனால் குறையுள்ள வகுப்போடு சர்வர் தொடங்கவே தொடங்காது.

கட்டாயம் கூடினால் வேறொரு பழக்கமும் தலைதூக்குகிறது. பிழை மறைந்தால் போதும் என்று மெத்தட்டுக்குள் எதுவும் செய்யாத ‘பாஸ்’ வரியை மட்டும் எழுதிவிடுகிறார்கள். விடுபட்ட மெத்தட்டாவது நிரலை நிறுத்தும். வெற்று மெத்தட்டோ தொகையைச் சத்தமின்றி விழுங்கிவிடும். அதனால் உண்மையிலேயே எல்லா வங்கிக்கும் தேவைப்படும் மெத்தட்களை மட்டும் கட்டாயமாக்கி, மற்றவற்றுக்கு அடிப்படை வகுப்பிலேயே சரியான இயல்பு நடத்தையை எழுதினோம். ரிவ்யூவுக்கு வரும் ஒவ்வொரு ‘பாஸ்’ வரிக்கும் எழுதியவரிடம் காரணம் கேட்கிறோம்.