பிக்கப் கதவில் சென்ட்ரல் லாக் கோளாறு: வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்த அனுபவம்

எங்கள் டபுள் கேப் பிக்கப்பில் இரண்டு கதவுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தன. ரிமோட்டை அழுத்தினால் ஓட்டுநர் கதவு சில நேரம் பூட்டும், சில நேரம் அசையவே அசையாது. பின்பக்க இடது கதவில் உள்ளே 'ட்ர்ர்' என்று சத்தம் மட்டும் கேட்கும். பூட்டுக் குமிழ் பாதி தூரம் இறங்கி நின்றுவிடும். மற்ற இரண்டு கதவுகளிலும் ஒரு குறையும் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு ஆக்சுவேட்டர் (கதவுக்குள் பூட்டை அசைக்கும் மோட்டார் பெட்டி) வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தபோது ஒரு கதவின் ஆக்சுவேட்டரில் எந்தப் பழுதும் இல்லை. சோதிக்காமல் வாங்கியிருந்தால் அது வீண் செலவு. புதிய பாகம் தேடுவதற்கு முன்னால் ஒரு 12 வோல்ட் பல்பை வைத்துச் சோதித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கதவுக்குள் பூட்டை அசைப்பது ஒரு சின்ன டிசி மோட்டார். அதற்குப் போவது இரண்டே ஒயர். சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில், இருக்கும். பூட்டச் சொன்னால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒரு ஒயருக்கு மட்டும் 12 வோல்ட் கொடுக்கும், மற்றது எர்த்திலேயே நிற்கும். திறக்கச் சொன்னால் அப்படியே மாறும், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். மின்சாரம் வருவது பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம். பூட்டு எல்லை வரை போய் முட்டியதும் மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கிறது. அதற்குப் பிறகும் மின்சாரம் தொடர்ந்தால் சுருள் சூடாகிக் கருகிவிடும். ரிலேக்குப் பதிலாக மாட்யூல் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) வைத்த வண்டிகளிலும் மோட்டார் பக்கம் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இது புரிந்துவிட்டால் கதவைத் தொடாமலேயே நிறைய ஊகிக்கலாம். எல்லாக் கதவுகளும் ஒன்றாகச் செத்துப் போனால் ஃபியூஸ், ரிலே, முக்கிய சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் செத்தால் அந்தக் கதவின் ஒயர் அல்லது ஆக்சுவேட்டர். ஒரு கதவு பூட்டுகிறது, திறக்க மட்டும் மாட்டேன் என்கிறது என்றால் அங்கே ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு திசைக்கும் அதே இரண்டு ஒயர்கள்தானே. ஒன்று அறுந்தால் இரண்டு வேலையும் நின்றிருக்கும். அப்போது சந்தேகப்பட வேண்டியது இறுகிப்போன பூட்டையும் வளைந்த இணைப்புக் கம்பியையும் களைத்த மோட்டாரையும். ஓட்டுநர் கதவைத் திறக்க மட்டும் தனி ரிலே வைத்த வண்டிகளும் உண்டு, அவற்றில் அந்த ரிலேயையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டிக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். பின்கதவில் மோட்டார் சத்தம் வருகிறது, ஆகவே மின்சாரம் போகிறது. ஓட்டுநர் கதவு வேறு மாதிரி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஆட்டியபடியே தம்பியை உள்ளிருந்து சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னேன். முழுக்கத் திறந்த நிலையில் ஒன்றும் இல்லை. பாதிக்கு வந்ததும் 'டக்' என்று பூட்டியது. இன்னும் கொஞ்சம் சாத்தினால் மறுபடி மௌனம். கதவின் கோணத்தைப் பொறுத்து ஒரு கோளாறு வந்து போகிறது என்றால் கீல் பக்கம் இருக்கும் ரப்பர் உறைக்குள்தான் விஷயம் இருக்கிறது. வண்டியில் அதிகம் திறந்து மூடும் கதவு அதுதான், ஒவ்வொரு தடவையும் உறைக்குள் இருக்கும் ஒயர்கள் மடங்கி விரிகின்றன.

அப்புறம் கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்து ஆரம்பிப்பது நல்லது, பல வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர் இணைப்பான்) கண்ணில் பட்டால் அதைச் சீண்டாதீர்கள். சென்சார் ஏதாவது கழன்றிருக்கும்போது இக்னிஷனையும் போடக்கூடாது. கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டுத் தொடங்கினால் உள்ளே கை நுழைய இடம் கிடைக்கும்.

திருகுகள் கைப்பிடிக் குழியிலும், கை வைக்கும் திண்டின் அடியிலும், சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்பியால் கீழிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து கழன்று வரும். இழுத்தும் வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு திருகு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டினால் பேட்தான் உடையும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான், அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியே போய்விடும். அந்த நீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட். ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கினால் கறுப்புப் பசை இளகி, கிழியாமல் உரிந்து வரும். அதே பசையோடு திரும்ப ஒட்டிவிடலாம். இதைக் கிழித்து எறிந்துவிட்டுக் கதவை மூடுவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. அடுத்த மழைக்காலத்தில் தரை விரிப்பு ஊறி நாறும்போது யாருக்கும் காரணம் புரியாது.

பின்கதவில் அடித்துளைகள் சேறு படிந்து அடைத்திருந்தன. மண் பாதையில் ஓடும் வண்டிக்கு இது சகஜம். குச்சியால் குத்தி விட்டதும் தேங்கிய நீர் வழிந்தது. பூட்டில் இருந்த துருவுக்கு அங்கேயே பதில் கிடைத்தது.

இனி பல்புக்கு வருகிறேன். பேட்டரியைத் திரும்ப இணைத்து, ஆக்சுவேட்டரின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு மோட்டார் முனைகளுக்கு இடையில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்தேன். மல்டிமீட்டர் போதாதா என்று கேட்கலாம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் அளவில் இருக்கும், அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். முறிந்த செம்பு இழைகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். மோட்டாருக்குத் தேவை சில ஆம்பியர். அந்த அரைகுறைத் தொடுகையால் அதைத் தர முடியாது. 21 வாட் பல்பு ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் கேட்கும், ஆகவே ஒயரின் உண்மையான நிலை வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அதோடு மின்சாரம் வருவது கண நேரம். மீட்டரில் எண் நிலைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பல்பின் மின்னல் கண்ணுக்குத் தப்பாது.

பின்கதவில் பல்பு இரண்டு திசைக்கும் பளிச்சென்று மின்னியது. ஒயர் நன்றாக இருக்கிறது, கோளாறு ஆக்சுவேட்டரில் அல்லது பூட்டில். ஓட்டுநர் கதவில் பல்பு எரியவே இல்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டே வந்தேன். "அண்ணே, இப்ப எரியுது" என்றான் தம்பி. அதே பாதிக் கோணம். அங்கேயே வைத்துச் சோதித்தபோது ஆக்சுவேட்டர் முழு வேகத்தில் அடித்தது.

பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு ரப்பர் உறையை வண்டிப் பக்கத்திலிருந்து விடுவித்தேன். உள்ளே கால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால்தான் ஒயர்க் கட்டு கொஞ்சம் தளர்ந்து வெளியே வரும். உறையைச் சுருட்டி ஒதுக்கிப் பார்த்தால் எல்லா ஒயர்களும் முழுசாகத் தெரிந்தன, ஒரு வெட்டுக்கூட இல்லை. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரல்களால் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். மோட்டாருக்குப் போகும் ஒயரில் ஒன்று ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது: உள்ளே செம்பு இல்லை, வெறும் மேல்தோல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளேடால் கீறிப் பார்த்தேன். இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் முறிந்து, முனைகளில் பச்சை பூத்திருந்தன. பக்கத்தில் கண்ணாடி மோட்டாருக்குப் போகும் ஒயரும் மென்மையாக வளைந்தது. அதையும் சேர்த்தே மாற்றினேன்.

இங்கேதான் பலரும் அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்து டேப் சுற்றிவிடுகிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைப்பாக்கிவிடும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்த விறைப்பு முடியும் ஓரத்தில் மறுபடி மடங்கி, அங்கேயே அறும். ஆகவே இணைப்பை மடங்கும் பகுதியில் வைக்கவே கூடாது. நான் பழைய ஒயரை உறைக்கு இரண்டு புறமும் தள்ளி வெட்டி, நடுவில் மெல்லிய இழைகள் நிறைந்த வளையக்கூடிய ஒயரை, அதே தடிமனுக்குக் குறையாமல், ஒரே நீளமாகப் போட்டேன். ஒரு முனை கதவுக்குள், மற்றது கால் பக்க மூடிக்குப் பின்னால். இணைப்புகள் ஒரே இடத்தில் முடிச்சு மாதிரி திரளாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தேன். மேலே, சூடாக்கினால் சுருங்கி இறுகும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டேன். உறையைத் திரும்ப நுழைக்கச் சிலிகான் ஸ்ப்ரே உதவும்.

ஓட்டுநர் கதவு இத்துடன் சரியாகிவிட்டது. பின்கதவுதான் நேரம் எடுத்தது.

அதில் முதலில் ஆக்சுவேட்டரைப் பூட்டிலிருந்து பிரித்தேன். இணைப்புக் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பினால் கம்பி வெளியே வரும். இழுத்தால் கிளிப் உடையும். கதவின் விளிம்பில் இருக்கும் டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) திருகுகளில் அவை தளராமல் பிடிக்கும் பசை இருந்தது, சரியான பிட்டை அழுத்திப் பிடித்துத் திருப்பாவிட்டால் தலை தேய்ந்துவிடும். பிரித்த பிறகு பூட்டின் லீவரைக் கையால் அசைத்தால் களிமண்ணுக்குள் நகர்வது போல் இருந்தது. பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து இறுகிவிட்டிருந்தது. கிளீனரால் கழுவி, உலர்த்தி, வெள்ளை லித்தியம் கிரீஸை அளவாக வைத்தேன். லீவர் ஒரு விரலுக்கே ஓடியது.

ஆனால் மோட்டாரும் களைத்திருந்தது. தனியாக 12 வோல்ட் கொடுத்தால் சுற்றியது, நெம்புகோலை விரலால் தடுத்தால் நின்றுவிட்டது. மற்றக் கதவில் இருந்ததை விரலால் நிறுத்த முடியவில்லை. ஆக, இறுகிய பூட்டு ஒரு பக்கம், அதோடு மல்லுக்கட்டியே தேய்ந்த மோட்டார் இன்னொரு பக்கம்.

ஆக்சுவேட்டர் பெட்டி திருகு இல்லாமல் ஒட்டப்பட்டது. தையல் கோட்டில் பிளேடை மெதுவாக ஓட்டிப் பிளந்தேன். உள்ளே மோட்டார், அதன் அச்சில் ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய கியர், பூட்டிய நிலையை மாட்யூலுக்குச் சொல்லும் ஒரு குட்டித் தொடர்பு. அந்தத் தொடர்பு அழுக்கானால் வண்டி பூட்டிய கையோடு தானே திறந்துகொள்வதும் உண்டு, அதனால் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தேன். மோட்டாரின் பின்மூடியைத் திறந்தால் சுருளுக்கு மின்சாரம் வாங்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுத்து, அதன்மேல் உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது.

இம்மாதிரி மோட்டார்கள் சிலவற்றில் பிரஷுக்குப் பக்கத்தில் நாணயம் போன்ற ஒரு மெல்லிய தகடு இருக்கும். சூடானால் தடையைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும் பாதுகாப்பு அது. அதைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுத்து மோட்டாரை உயிர்ப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யவில்லை. பூட்டு சிக்கி, சுவிட்சும் ஒட்டிக்கொண்டால் மோட்டாரைக் காப்பாற்ற வேறொன்றும் இருக்காது.

மோட்டாரையே மாற்றினேன். பல ஆக்சுவேட்டர்களுக்குள் இருப்பது எஃப்சி-280 அளவிலான தட்டையான மோட்டார்தான், தனியாகவே கிடைக்கிறது. அச்சின் தடிமன், நீளம், வோல்ட் மூன்றும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பழையதைக் கழற்றும் முன் எந்த முனைக்கு பாசிட்டிவ் கொடுத்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறிப்போனால் மற்றக் கதவுகள் பூட்டும்போது இது மட்டும் திறக்கும். பல்சக்கரத்தைச் சின்ன புல்லரால் எடுத்துப் புதிய அச்சில் ஏற்றினேன். பெட்டியை எபாக்சியால் மூடி, பசை கியர் பக்கம் வழியாமல் பார்த்துக்கொண்டேன்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம். கதவு திறந்தபடியே இருக்க, பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு 'க்ளிக்' வரும்வரை தள்ளி, மூடியதாக நம்பவைக்க வேண்டும். பிறகு ரிமோட்டால் பூட்டி இரண்டு கைப்பிடியையும் இழுத்துப் பார்க்கணும், திறக்கக்கூடாது. ரிமோட்டால் விடுவித்து மறுபடி இழுக்கணும், நாக்கு விலக வேண்டும். பின்கதவில் சைல்டு லாக் (உள்ளிருந்து திறக்கவிடாத குழந்தைப் பாதுகாப்புப் பூட்டு) விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதாவது ஒரு கம்பி சரியாக மாட்டாமல் கதவு மூடிக்கொண்டால், பேடைக் கழற்றத் திருகுகளை அடையவே படாத பாடு பட வேண்டியிருக்கும்.

இப்போது இரண்டு கதவும் இன்ஜின் ஓடாத நிலையிலும் திடமாக அடிக்கின்றன. பேட்டரி வோல்ட் குறைவாக இருக்கும் அந்த நிலைதான் களைத்த மோட்டாரைக் காட்டிக்கொடுக்கும். முன்பக்கப் பயணியர் கதவின் ரப்பர் உறையையும் திறந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தேன், எல்லாம் விறைப்பாகவே இருக்கின்றன. அடித்துளைகளை நான்கு கதவுகளிலும் குத்திச் சுத்தம் செய்தாயிற்று. அடுத்து டெயில்கேட் (சரக்குத் தொட்டியின் பின்கதவு) லாக்; அதன் ஒயரும் கீல் பக்கம்தான் மடங்கி மடங்கி விரிகிறது, ஆகவே பல்போடு அங்கிருந்தே ஆரம்பிக்கப் போகிறேன்.