ஏற்பாடு முடிவாகும்வரை வந்த அழைப்புகள்

2023ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அக்டோபர் மாதம்வரை சிங்கப்பூரில் எனக்கு வந்த கடன் வசூல் அழைப்புகள் 217. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், பேசியவரின் பெயர், எந்த வங்கிக் கடனுக்காகப் பேசினார், என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்று கோடு போட்டு எழுதி வைத்தேன். கடனை அடைப்பதற்கு முறையான ஏற்பாடு ஒன்றுக்கு விண்ணப்பித்த நாளுக்கும் அது நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். உதவி நாடிச் சென்றுவிட்டால் மறுநாளே தொலைபேசி ஓய்ந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி நடக்கவில்லை என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், என் குடும்பம் சில இரவுகளையாவது நிம்மதியாகக் கழித்திருக்கும்.

கடன் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமான நிலையம் சார்ந்த வேலையில் மாதம் 5,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பாதித்துக்கொண்டிருந்த நான், 2020ஆம் ஆண்டு கொவிட் முடக்கத்தில் அந்த வேலையை இழந்தேன். ஏழு மாதங்களுக்குப் பிறகு ஜூரோங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தபோது சம்பளம் 4,200 வெள்ளி. ஓய்வுக்காலக் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் போனது போக 3,360 வெள்ளிதான் கைக்கு வரும். இடையில் அம்மாவின் மருத்துவச் செலவு, வீட்டுச் செலவு, பிள்ளையின் படிப்பு என எல்லாவற்றையும் கடன்பற்று அட்டைகளும் (கிரெடிட் கார்டு) தனிநபர் கடன்களும் தாங்கின. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான்கு வங்கிகளுக்கு முறையே 28,000, 19,600, 14,800, 9,000 வெள்ளி தரவேண்டியிருந்தது. மொத்தம் 71,400 வெள்ளி. அதாவது, என் பதினேழு மாதச் சம்பளம்.

குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டுகிறவன் என்ற நம்பிக்கையில்தான் நான் மூன்றாண்டுகளை ஓட்டினேன். ஒருநாள் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28,000 வெள்ளி நிலுவைக்கு ஆண்டுக்கு 26 விழுக்காடு வட்டி என்றால் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 600 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 840 வெள்ளி. அதை எப்படியோ புரட்டிக் கட்டினாலும் அசலில் ஏறக்குறைய 240 வெள்ளிதான் குறைகிறது. அந்த 240 வெள்ளியையும் மாதக் கடைசியில் அதே அட்டையில் அரிசிக்கும் மருந்துக்கும் நான் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவுதான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. நான்கு வங்கிகளின் கணக்கறிக்கைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பச் சொன்னாள். அந்தக் காகிதங்களை அவள் தேதிவாரியாக அடுக்கியபோது எனக்குள் இருந்த பயத்தில் பாதி இறங்கியது. இதற்கு ஆறு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முதலில் கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்தைத்தான் முயன்றோம். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வங்கிகள் தொடங்கிய திட்டம் அது. ஆண்டு வருமானம் 20,000 வெள்ளியிலிருந்து 120,000 வெள்ளிக்குள் இருக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும், மாத வருமானத்தைப்போல் 12 மடங்குக்கு மேல் அடமானமில்லாக் கடன் சேர்ந்துவிட்டால், எல்லாவற்றையும் ஒரே வங்கியில் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். தகுதி எனக்கு இருந்தது. ஆனால் அதுவும் ஒரு புதிய கடன்தான் என்பதால் கொடுப்பதா வேண்டாமா என்பதை வங்கியே முடிவு செய்யும். ஏற்கனவே இரண்டு தவணை தவறியிருந்த என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன் பிறகுதான் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற தொண்டு அமைப்பை நாடினோம். தகவல் உரையைக் கேட்டு, ஒருவரின் கடன் விவரங்களைத் தொகுத்துவைக்கும் கடன் தகவல் நிலையத்தின் அறிக்கை, சம்பளச் சீட்டுகள், சேம நிதிக் கணக்கு, வருமான வரி மதிப்பீடு, நான்கு வங்கிகளின் கணக்கறிக்கைகள் ஆகியவற்றையும் வீட்டு வரவு செலவுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஆலோசகரைச் சந்தித்தோம்.

ஆலோசகர் இரண்டு வழிகளை விளக்கினார். ஒன்று, சட்ட அமைச்சின்கீழ் நடக்கும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம். கடன் 150,000 வெள்ளிக்கு மிகாமல் இருக்க வேண்டும், அதிகபட்சம் ஐந்தாண்டுகளில் திட்டம் முடிய வேண்டும். அது நடைமுறைக்கு வந்தபின் அதில் அடங்கிய கடன்களுக்காக யாரும் வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு அதில் இருந்தாலும், நீதிமன்றத்தில் நொடிப்பு விண்ணப்பம் (கடனைத் தீர்க்க முடியாதவர் என்று ஒருவரை அறிவிக்கக் கோருவது) என்ற வாசல் வழியாகத்தான் அதற்குள் போக முடியும். மற்றொன்று, அந்த அமைப்பே வங்கிகளுக்கு முன்மொழியும் கடன் நிர்வாகத் திட்டம். வங்கிகள் வட்டியைக் குறைத்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்குத் தவணையை நீட்டித்துத் தர அவர்களாக இசைய வேண்டும். சட்டப்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஐந்தாண்டுகளில் 71,400 வெள்ளி என்றால் வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 1,190 வெள்ளி ஆகிறது. எங்கள் வரவு செலவுப் பட்டியலில் மிஞ்சியது 900 வெள்ளிதான். ஆகவே இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். விடைபெறும்போது அவர், “வங்கிகள் பதில் தர நாளாகும், அதுவரை அழைப்புகள் வரும், தாமதக் கட்டணமும் ஏறும். தயாராக இருங்கள்,” என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் அதன் கனம் எனக்குப் புரியவில்லை.

விண்ணப்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து அழைப்புகள் கூடின. காலை எட்டரை மணிக்கு முதல் அழைப்பு, மதிய உணவு நேரத்தில் அடுத்தது, மாலையில் ரயிலில் நிற்கும்போது மற்றொன்று. 28,000 வெள்ளி தரவேண்டிய வங்கியின் ஊழியர் மரியாதையாகப் பேசி, விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொன்னதும் குறித்துக்கொண்டு வைத்துவிடுவார். மிகக் கடுமையாகப் பேசியது, 9,000 வெள்ளிக் கடனை ஒப்படைத்திருந்த வெளி வசூல் நிறுவனத்தின் ஆள்தான். அவரும் தமிழர். தொடக்கத்தில் “அண்ணே, ஒரு உதவி பண்ணுங்க” என்று குழைவார். பத்து நிமிடத்தில் வீடு ஏலத்துக்குப் போகும், நொடித்துப்போனவராக அறிவிப்போம், வேலை போய்விடும் என்று அடுக்குவார். அந்த மாதம் நான் கிடங்கில் இரண்டு முறை சரக்கு எண்ணிக்கையைத் தவறாகப் பதிவு செய்தேன். கைப்பேசி அதிரும்போதெல்லாம் வயிறு சுருண்டது.

இந்த மிரட்டல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது உண்மையிலேயே நடக்கக்கூடியதா என்று பார்த்ததுதான் எனக்குத் தெம்பைக் கொடுத்தது. நொடிப்பு விண்ணப்பம் தாக்கல் செய்யக் கடன் குறைந்தது 15,000 வெள்ளியாக இருக்க வேண்டும். 9,000 வெள்ளிக்காகக் கடன் கொடுத்த ஒருவர் தனியாக அதைச் செய்ய முடியாது. நாங்கள் குடிமக்கள், இருப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடு. கடன்பற்று அட்டைக் கடனுக்காக அந்த வீட்டைப் பறிமுதல் செய்ய முடியாது, சேம நிதிப் பணத்திலும் கைவைக்க முடியாது. இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய குரல் அதே உயரத்தில்தான் இருந்தது, ஆனால் எனக்குக் கை நடுங்கவில்லை. அதே வேளையில், எல்லாமே வெற்று மிரட்டல் என்று நினைத்துவிடுவதும் ஆபத்து. வழக்கறிஞர் நிறுவனத்திலிருந்து வந்த கோரிக்கைக் கடிதம் நீதிமன்ற உத்தரவு அன்று. அதற்கு, விண்ணப்பித்த தேதியைக் குறிப்பிட்டுப் பணிவாகப் பதில் எழுதினேன். ஆனால் நீதிமன்றத்தின் வழக்குக் கோரிக்கை நேரில் வழங்கப்பட்டால் வழக்கை எதிர்க்கிறோமா இல்லையா என்ற அறிவிப்பை 14 நாள்களுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். பேசாமல் இருந்தால் நாம் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும், பிறகு வீட்டிலுள்ள பொருள்களுக்கே ஆள் வரலாம். அதனால் பயத்தில் தபால் பெட்டியைத் திறக்காமல் விட்டுவைக்கும் பழக்கத்தை அன்றோடு நிறுத்தினேன். கடிதங்களைப் பிரிக்கும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, யீஷூனிலுள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அம்மா மட்டும் இருந்தார். என் பெயரையும் நான் கொடுக்கவேண்டிய தொகையையும் தாழ்வாரத்தில் நின்று உரக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். போகும்போது உறையில் போடாத கடிதத்தை இரும்புக் கதவில் செருகிவிட்டுப் போனார்கள். நான் வீடு திரும்பியபோது அம்மா அந்தக் கடிதத்தைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “யாருக்கும் காட்டலைய்யா,” என்றார். எழுபத்து நான்கு வயதில் அவர் அதை ஒளித்துவைக்க வேண்டியிருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடன் வாங்கியவன் நான். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி நடப்புக்கு வந்த கடன் வசூல் சட்டத்தின்படி, வசூலையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களுக்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும், அவற்றில் வசூலுக்குப் போகிறவர்களுக்கும் ஒப்புதல் வேண்டும். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. என் நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி, வங்கியின் புகார்ப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் மறுபடி வந்து, போகச் சொல்லியும் போகாவிட்டால் உடனே போலீசை அழைக்கும்படி அம்மாவுக்கு எண்ணைப் பெரிதாக எழுதித் தொலைபேசியருகே ஒட்டினோம். அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்கு வரவில்லை.

ஆனால் அந்த வாரம்தான் நான் தடுமாறினேன். அதே வசூல் ஆள் அழைத்து, இரண்டு நாளில் 2,000 வெள்ளி கட்டினால் என் கடன் கோப்பை மூடி வைக்கப் பேசிப் பார்க்கிறேன் என்றார். வாட்ஸ்அப்பில் அப்போது ஒரு மணி நேரத்தில் 5,000 வெள்ளி கடன் என்று செய்திகளும் வந்துகொண்டிருந்தன. உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி வழியாக விளம்பரம் செய்ய அனுமதியில்லை; அப்படி வருவது உரிமமில்லாமல் கடன் கொடுக்கும் கடன்முதலையாகவோ மோசடியாகவோதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு எண்ணைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு, மனைவியின் சங்கிலியைத் தேக்காவில் அடகு வைக்கலாமா என்று அவளிடமே கேட்டேன். அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, “வைக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. சத்தம் போடுறவருக்கு மட்டும் கொடுத்துட்டா, சத்தம் போடாத மூணு பேருக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?” என்று கேட்டாள்.

திட்டத்தின் அடிப்படையே அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு பேருக்கும் கடன் அளவுக்கேற்பப் பங்கு போகும் என்ற நம்பிக்கையில்தான் வங்கிகள் வட்டியைக் குறைக்க இசைகின்றன. எனவே, ஒப்புதல் வருவதற்கு முன்பாகவே அந்த 900 வெள்ளியை அதே விகிதத்தில் நாங்களாகக் கட்டத் தொடங்கினோம்: 353, 247, 187, 113. சிறிய தொகைதான், ஆனால் அடுத்த அழைப்பிலிருந்து என்னிடம் சொல்வதற்கு ஒரே ஒரு பதில் இருந்தது. விண்ணப்பித்த தேதி இது, இந்த மாதம் உங்கள் பங்காக நான் கட்டிய தொகை இது, வேறு சலுகை ஏதும் தருவதானால் நிறுவனக் கடிதத்தாளில் எழுதி அனுப்புங்கள். 2,000 வெள்ளிச் சலுகையை அவர் கடைசிவரை எழுத்தில் தரவில்லை. வாதம் செய்வதையும், குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுவதையும் விட்டுவிட்டேன். கிடங்கு மேலாளரிடமும் நானே முன்கூட்டிப் போய்ச் சொன்னேன். அலுவலகத்துக்கு அழைப்பேன் என்ற மிரட்டலுக்கு அதன்பிறகு பயனில்லாமல் போனது.

மூன்று வங்கிகள் செப்டம்பருக்குள் ஒப்புக்கொண்டன. நான்காவது, அந்த 9,000 வெள்ளி வங்கி, அக்டோபர் 19ஆம் தேதி ஒப்புதல் தந்தது. எட்டு ஆண்டுகள், மாதம் மொத்தம் ஏறக்குறைய 900 வெள்ளி. கடன்பற்று அட்டைகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. திட்டத்தில் இருப்பது கடன் தகவல் அறிக்கையிலும் தெரியும். தீபாவளிக்கு அந்த ஆண்டு பிள்ளைக்கு மட்டும் துணி எடுத்தோம்.

நவம்பர் முதல் வாரத்தில் அந்த ஆள் ஒருமுறை அழைத்தார். ஒப்புதல் கடிதத்தின் தேதியையும் முதல் தவணை கட்டிய தேதியையும் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. “சரிண்ணே, கோப்பு எங்ககிட்டேருந்து திரும்பப் போயிருச்சு போல, நான் பார்க்கல,” என்று சொல்லி வைத்துவிட்டார். அதை 218 என்று எண்ணிட்டு எழுதினேன். அதற்கடுத்த பக்கத்திலிருந்து அந்த நோட்டில் மாதத் தவணைகளை என் மனைவி எழுதி வருகிறாள்.