தைரொக்சின் குளிசையும் என்ர பொறுமையும்

போன ஏப்ரல் வெக்கையில வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டில எல்லாரும் வேர்த்து வடிய நான் மட்டும் ஃபானை நிப்பாட்டுங்கோ எண்டு போர்வைக்குள்ள கிடந்தன், அம்மா காய்ச்சலாக்கும் எண்டு நெத்தியைத் தொட்டா அது சில்லெண்டு கிடக்கு. தலைமயிர் வேற கொத்துக்கொத்தாக் கொட்டுது. முதல் காட்டின டொக்டர் "சோத்தைக் குறையுங்கோ" எண்டதோட சரி. குறைச்சனான், நிறை கூடினதுதான் மிச்சம். பிறகு மச்சாள்தான் விடாம லேப்புக்கு இழுத்துக்கொண்டு போனா. டீஎஸ்எச் (கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பியைத் தூண்டுற ஹோர்மோன்) 38, நாலு சொச்சத்துக்கு மேல போகக்கூடாதாம், இப்பிடிக் கூடினா தைரொயிட் சரியாச் சுரக்கேல்லை எண்டு அர்த்தமாம். கொலஸ்ட்ரோலும் எக்கச்சக்கம்.

அந்தச் சுரப்பி சுரக்கவேண்டிய ஹோர்மோனையே குளிசையா, தைரொக்சின் 50 மைக்ரோகிராம் தந்தவை. ஒரு கிழமை போட்டும் ஒரு மாற்றமுமில்லை, இது சும்மா மாக்குளிசையோ எண்டு ரெண்டாவதா சனல் பண்ணின டொக்டரிட்டயே கேட்டிட்டன். அந்த மனுசன் கோவிக்காம துண்டுக்குப் பின்பக்கம் ஒரு வட்டம் கீறி விளங்கப்படுத்தினார். குளிசையில இருக்கிற தைரொக்சினுக்கு இன்னொரு பேர் டீ4, அதில நாலு அயடின். ஈரல், சிறுநீரகம் மாதிரி இடங்களில அதில ஒண்டைக் கழட்டினாத்தான் டீ3, உண்மையில வேலை செய்யிறது அதுதான். அது கலத்திண்ட கருவுக்குள்ள போய், டிஎன்ஏயில ஏற்கெனவே குந்திக்கொண்டிருக்கிற ரிசெப்டரில (ஹோர்மோனைப் பிடிக்கிற புரதம்) ஒட்டி, சில ஜீனை ஓன் பண்ணும் சிலதை ஓஃப் பண்ணும், பிறகு புதுப் புரதம் செய்யவேணும், கலத்துக்கு உள்ளயும் வெளியயும் உப்பை மாத்துற சோடியம் பொட்டாசியம் பம்ப் கூடவேணும், அது எரிக்கிற சக்தியிலதான் உடம்பு சூடாகும், ஈரலில கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடிக்கிற ரிசெப்டரும் இப்பிடித்தான் கூடுறது. பனடோல் மாதிரி அரை மணித்தியாலத்தில கேக்காது எண்டார். டீ4 பாதியாக் குறையவே ஒரு கிழமை எடுக்குமாம், அதால ரத்தத்தில அளவு ஒரு நிலைக்கு வர ஆறு கிழமையாகும், அதுக்கு முதல் ரெஸ்ட் செய்து காசைக் கரியாக்காதேங்கோ எண்டும் சொன்னார்.

ஆறு கிழமையால பாத்தா டீஎஸ்எச் 21. எனக்கு அழுகையே வந்திட்டுது. விசாரிச்சா பிழை என்னிலதான், கல்சியம் குளிசையையும் காலமை இதோடயே விழுங்கியிருக்கிறன், அது தைரொக்சினைக் குடலில உறிஞ்ச விடாதாம், நாலு மணித்தியாலம் இடைவெளி வேணும். தேத்தண்ணியும் ஒரு மணித்தியாலம் பொறுத்துத்தான் (இதுதான் பெரிய கஷ்டம்). டோஸை 75 ஆக்கி, கல்சியத்தை இரவுக்கு மாத்தி, அடுத்த ரிப்போட்டில 3.1.

நிறை ரெண்டு கிலோதான் இறங்கினது, அது வேற கதை. இப்ப ஃபானை அஞ்சில விடுறது நான், குளிருது எண்டு போர்வை தேடுறது அம்மா.