செங்கல் காளவாயில் சிலை சுடலாமே

மண்ணில் ஆளுயரத்துக்கும் மேலே சிலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பெரிய பிரமிப்பு. காயும்போது மண் சுருங்கும், ஒரு பக்கம் முந்திக் காய்ந்துவிட்டால் கோடையில் நம் வயல் வெடிப்பதுபோல வெடிக்கும். அதைத் தாண்டிச் சூளைக்குள் போனாலும், உள்ளே ஈரம் மிச்சமிருந்து சூடு வேகமாக ஏறினால் ஆவி போக வழியில்லாமல் சிலையையே உடைத்துவிடும்.

இதற்கு அமெரிக்காவில் சிலர் கண்ட வழி, தொழிற்சாலைக்கே போய்விடுவது. ஜப்பானில் பிறந்து அங்கே குடியேறிய ஜூன் கனேகோ, 1990களில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் சாக்கடைக் குழாய் செய்யும் ஆலையின் பிரம்மாண்டமான சூளைகளில்தான் பத்தடிக்கு மேல் உயரமான உருவங்களைச் சுட்டார். மாதக்கணக்கில் காயவிட்டு, வாரக்கணக்கில் மெதுவாகச் சூடேற்றி. குழாய்க்கான மண்ணில் சுட்ட மண்ணையே நொறுக்கிக் கலப்பார்கள். ஏற்கெனவே சுருங்கி முடித்த துகள் மறுபடி சுருங்காது, ஈரம் வெளியேறவும் வழிவிடும். மொன்டானாவில் ஆர்ச்சி ப்ரே என்ற செங்கல் ஆலைக்காரர் 1951இல் தன் ஆலை வளாகத்திலேயே மண் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தார். அது இன்றும் நடக்கிறது.

மண்பாண்டம் செய்யும் நம் வேளார்களுக்கு இது புதிதே இல்லை. ஐயனார் கோயில் குதிரைக்கு மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள், உமி எரிந்துபோன இடமெல்லாம் நுண்ணிய துளையாகிவிடும். உள்ளே கூடாக விட்டு, கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, முந்தைய சுற்று இறுகிய பிறகே அடுத்ததை ஏற்றுவார்கள். குழாய் ஆலைக்காரர்கள் சுட்ட மண்ணைக் கலப்பதும் அடிப்படையில் இந்த மணலும் உமியும் செய்கிற வேலைக்காகத்தான். இன்று பல ஊர்களில் அந்த இடத்தில் பெயின்ட் அடித்த சிமென்ட் குதிரை நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ரே மீக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். சுடாத பச்சைச் செங்கல்லில் வீடு கட்டி, உள்ளே செங்கலும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார்! சிலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பேன். சுற்றிலும் கல் அடுக்கியிருந்தால் சூடு மெதுவாக ஏறி மெதுவாகத்தான் இறங்கும். பெரிய சிலைக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படியென்றால் நம் கொள்ளிடக் கரைப் பக்கத்துக் காளவாய்கள்? கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே சிற்பம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் அடுக்கும்போது நடுவில் ஒரு சிலைக்கு இடம்விட்டு, மேலே மண் பூசி மூடி, கல்லோடு கல்லாகச் சுட்டு எடுக்கலாம். நம் வண்டல் நைசாக இருப்பதால் அப்படியே எடுத்தால் கட்டாயம் விரிசல் விடும். காளவாயில் உடைந்து கிடக்கும் செங்கலைப் பொடித்துச் சலித்து, உமியோடு கலக்க வேண்டும். சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, நெருப்புப் பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் வரும். வரட்டுமே, எனக்கு அதுதான் அழகு.

தை பிறந்து செங்கல் அறுப்பு தொடங்கியதும் ஒரு காளவாய்க்காரரிடம் பேசிப் பார்க்கப்போகிறேன். வேளார் வீடுகளில் இந்த வேலை தெரிந்த பெரியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், மண் கலக்கும் அளவை முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.