கேரவனுக்குள் சாக்கடை நாற்றம்: கானாடுகாத்தான் நாட்குறிப்பு

ஏப்ரல் 9

ஷூட்டிங் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டில், நான் பார்த்துக்கொள்கிற கேரவன் (நடிகர்கள் ஓய்வெடுக்கிற வண்டி) நிற்பது அந்த வீட்டின் பின்வாசல் தெருவில். இங்கே வீடுகள் ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டில் போய் முடியும். அத்தனை தூரத்தையும் நடந்து மேனேஜரே வருகிறார் என்றால் நல்ல செய்தியாக இருக்காது. "அண்ணே, உள்ள ஒரே சாக்கடை நாத்தம், மேடம் ஏற மாட்டேங்கறாங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயே கிடந்தால் மூக்கு பழகிவிடுகிறது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஏறினேன். அழுகின முட்டை. குமட்டிவிட்டது.

நேற்றுதான் கழிவுநீர் லாரி வந்து வண்டியின் கழிவு டேங்கை ஒட்ட உறிஞ்சிக்கொண்டு போனது. நிறைந்த டேங்க் நாறினால் சரி, காலி டேங்க் ஏன் நாற வேண்டும்?

ஏப்ரல் 10

முதல் சந்தேகம் டாய்லெட் மேல்தான். பெடலை மிதித்தால் திறந்து மூடுகிற வகை, அந்த மூடியின் ரப்பர் தேய்ந்தால் டேங்க் வாயு நேராக உள்ளே வரும். ராத்திரி கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ரப்பர் நிரபராதி.

அப்புறம் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தை நானும் செய்தேன், ஒரு பாட்டில் பினாயிலை ஊற்றினேன். மதியம் பினாயிலும் சாக்கடையும் கலந்து ஒரு புது வாசனை. மேடம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியைக் கூட்டி உட்கார்ந்தார். பத்தே நிமிஷத்தில் கைக்குட்டையோடு இறங்கிவிட்டார். ஃபேனை நிறுத்தினால் குறைகிறது, போட்டால் கூடுகிறது. நாற்றத்தை வெளியேற்றவேண்டிய ஃபேன் எப்படி நாற்றத்தைக் கூட்டும்?

ஏப்ரல் 11

விடையில் பாதியைச் சொன்னவர் வீட்டின் காவல்காரப் பெரியவர். வீட்டுக்காரர்கள் வெளியூரில், கல்யாணம் காட்சி என்றால்தான் வந்து திறப்பார்கள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "புழங்காத குழி ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்றார். வாரம் தவறாமல் இந்த வீட்டின் எல்லா பாத்ரூம் குழியிலும் குழிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவாராம். ஊற்றாவிட்டால் முகப்பு வரைக்கும் நாறுமாம்.

புழங்காத குழி இருந்தது. ஷவர்! இந்த வண்டியில் யாரும் குளிப்பதில்லை, அது காஸ்ட்யூம் பெட்டிகளின் குடோன். பெட்டிகளை இறக்கிவிட்டு, புகை வைத்துப் பார்க்கலாம் என்று ஊதுபத்தியை எடுத்தேன், நல்லவேளையாகக் கொளுத்தவில்லை. டேங்க் வாயுவில் மீத்தேனும் இருக்கும், அங்கே போய் நெருப்பா? மேக்கப் அண்ணனிடம் ஒரு கை பவுடர் வாங்கி, ஃபேனை ஓடவிட்டு, தரையில் இருக்கிற நானி டிராப்பின் (தண்ணீர் தேங்கி நாற்றத்தை மறிக்கிற வடிகால் குழி) வாயில் லேசாகத் தூவினேன். பவுடர் கீழே இறங்காமல் மேலே எழும்பி என் முகத்தில் அப்பியது.

ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, திறந்திருந்த ஒரே வழி தண்ணீர் வற்றிப்போன இந்த டிராப். டாய்லெட், வாஷ்பேசின், ஷவர் மூன்றுக்கும் கீழே ஒரே டேங்க். இடையில் தடுப்பாக இருப்பது டிராப்பில் நிற்கிற ரெண்டு இஞ்ச் தண்ணீர் மட்டும்தான். இரண்டு மக் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் நாற்றம் இல்லை.

ஏப்ரல் 12

நாற்றம் இல்லை. மேடம் வண்டியில் ஏறித் தூங்கினார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று, ஷூட்டிங் லீவு. பிள்ளையார்பட்டிக்குப் போனேன், கூட்டம் தாங்கவில்லை. வண்டியில் நாற்றம் இல்லை.

ஏப்ரல் 15

திரும்ப வந்துவிட்டது. காலையில் லாரி, மதியம் நாற்றம். போன வாரமும் இதே வரிசைதானே என்று அப்போதுதான் உறைத்தது. லாரிக்காரரைக் கெஞ்சி, "அண்ணே, கொஞ்சம் தண்ணி விட்டுத் தர்றேன், இன்னொரு தடவை உறிஞ்சுங்க" என்று வரவழைத்தேன். அவர் மோட்டாரைப் போட, நான் டார்ச்சோடு ஷவரில் குந்தியிருந்தேன். டிராப்பில் புதிதாக ஊற்றியிருந்த தண்ணீர் கொஞ்சம் நடுங்கியது, அப்புறம் 'கொரக்' என்று ஒரே விழுங்கல். போயே போச்சு.

வெயிலில் வற்றியிருக்கும் என்று நான் நினைத்தது தப்பு, லாரி குடித்திருக்கிறது. வாஷ்பேசினின் அடியில் இருக்கிற பாட்டில் டிராப்பின் தண்ணீரையும் குடித்திருக்கும், ஆனால் யாராவது கை கழுவினால் அது உடனே நிறைந்துவிடும். ஷவரில்தான் யாரும் தண்ணீரே விடுவதில்லையே.

ஆனால் டேங்கிலிருந்து கூரைக்கு ஒரு வென்ட் பைப் போகிறது. உறிஞ்சும்போது காற்று அது வழியாக இறங்கவேண்டும். அது திறந்திருந்தால் டிராப் தண்ணீரை லாரி ஏன் தொடப்போகிறது? ஏணி போட்டு ஏறினேன். தகரக் கூரையில் கால் வைக்க முடியாத சூடு. ஒன்றரை இஞ்ச் பைப்பின் வாயை யாரோ சிமெண்ட் பூசி அடைத்த மாதிரி இருந்தது. குளவி! மண்கூடு, அதுவும் இந்த ஊர்ச் செம்மண்ணில். காரைக்குடி ஷெட்டில் இரண்டு மாதம் சும்மா நின்ற நேரத்தில் கட்டியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 16

கம்பியால் குத்தி, வெளியே வந்தவரை எடுத்துவிட்டு, பைப்பில் ஒரு வாளி தண்ணீர் விட்டேன், தங்குதடையில்லாமல் இறங்கியது. வாயில் கொசுவலைக் கம்பி வைத்துக் கட்டினேன். டிராப்பை நிரப்பி, மேலே மெடிக்கலில் வாங்கிய லிக்விட் பாரஃபின் நாலு ஸ்பூன். தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும், சீக்கிரம் வற்ற விடாது.

லாரிக்காரர் இரண்டே நாளில் மூன்றாவது முறையாக வந்தார், காசு வாங்கிக்கொண்டு சிரித்தார். மோட்டார் ஓடி முடிகிறவரை டார்ச்சோடு குந்தியிருந்தேன். டிராப்பில் தண்ணீர் லேசாக ஆடியதோடு சரி.

காஸ்ட்யூம் பெட்டிகளைத் திரும்ப அங்கேயே அடுக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். அடுக்கிக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு மக் ஊற்றவேண்டும் என்றேன். அசிஸ்டென்ட் பையன் இப்போதே முறைக்கிறான்.