25 சதவீத ஒதுக்கீட்டில் மகளைச் சேர்க்க நாங்கள் பட்ட பாடு

கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் 2024-இல் என் மகளுக்குத் தனியார் மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கிடைத்தது. குலுக்கலில் பெயர் வந்ததும் இனிக் கவலையில்லை என்று அக்கம்பக்கத்தார் வாழ்த்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான் முந்திரி ஆலையில் வேலை செய்கிறேன். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். ஓர் அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி இல்லை.

பள்ளி தேடுவதே முதல் சிக்கல். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம். ஆனால் அவற்றில் பல சிறுபான்மை நிறுவனங்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருந்த பள்ளி அப்படித்தான் கைவிட்டுப் போனது.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டேன் என்றார் அங்கிருந்தவர். அந்தச் சான்றிதழுக்கு அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-ஆம் தேதியே முடிந்திருந்தது. இருந்தாலும் சான்றிதழ் என்ன ஆயிற்று என்று அலுவலகத்தில் எப்போது கேட்டாலும் "தேர்தல் வேலை, பிறகு வாருங்கள்" என்பதே பதில். எங்களிடம் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழ் இருந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்க அதுவே போதும், இரண்டு லட்சம் ரூபாய் வருமான வரம்பு வருமானத்தை வைத்து விண்ணப்பிக்கும் நலிவடைந்த பிரிவினருக்கு மட்டும்தான் என்று கடைசியில் சொன்னவர் ஆலையில் என் பக்கத்தில் பருப்பு உடைக்கும் அக்கா. "மக்களே, இதற்காகவா இத்தனை நாள் அலைந்தாய்?" என்றார்.

விண்ணப்பம் போடுகிறவர்கள், திரையில் வீட்டின் இடத்தைக் குறிக்கும் வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். எங்கள் வீட்டைக் குறிக்க வேண்டிய புள்ளியை அந்த ஊழியர் தன் மையத்தின் மேலேயே வைத்துவிட்டார். பட்டியலில் நாங்கள் கேட்ட பள்ளியே வரவில்லை. கணவர் திரையை எட்டிப் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் புள்ளி எங்கள் தெருவுக்கு வந்தது.

சான்றிதழ் சரிபார்ப்பு, குலுக்கல் எல்லாம் ஒழுங்காக முடிந்தன.

சேர்க்கை நாளில் மகளைத் தனியே ஓர் அறைக்குள் அழைத்துப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். எங்களிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்றார்கள். குழந்தையையோ பெற்றோரையோ இப்படித் தேர்வு செய்யக் கூடாது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். புத்தகம், சீருடை, ஷூ, கணினி வகுப்பு, ஆண்டு விழா என்று நீண்ட பட்டியல். கூட்டுத்தொகை எங்கள் இருவரின் மாத வருமானத்தைத் தாண்டியது. பள்ளியின் பெயரோ முத்திரையோ எங்கும் இல்லை. "அரசு தருவது படிப்புக் கட்டணம் மட்டும்தான்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

கணவர் வாக்குவாதம் செய்யவில்லை. "இதையே பள்ளியின் லெட்டர்பேடில் எழுதி, முத்திரை வைத்துத் தாருங்கள், கட்டுகிறோம்" என்றார். தரவில்லை. அந்தத் தாளின் நகலை இணைத்துக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அங்கேயும் வாங்கி மேசை மேல் போட்டுவிட்டு "பார்க்கிறோம்" என்றார்கள். தேதியோடு ஒப்புகை தரும்வரை நாங்கள் நகரவில்லை. அந்த ஒப்புகையைப் பள்ளியில் காட்டியதும் கணினி வகுப்பும் ஆண்டு விழாவும் பட்டியலிலிருந்து காணாமல் போயின. புத்தகத்துக்கும் சீருடைக்கும் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். நீங்களும் வாய்ச்சொல்லை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் 'ஆர்.டி.இ.' என்று, அதாவது கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை, எழுதியிருந்தது. என் மகள் பெயருக்கும்தான். முழுக் கட்டணம் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு எந்த அடையாளமும் இல்லை. மூன்றரை வயதுக் குழந்தைக்கு எதற்கு இந்த முத்திரை என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். கணக்குக்காக என்றார். கணக்கு அலுவலகத்தில் இருக்கட்டும், வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பதிவேட்டில் வேண்டாம் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதப் பதிவேட்டில் அது இல்லை.

எட்டாம் வகுப்பு வரைதான் இந்த ஒதுக்கீடு. ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம் என்பதால் அஞ்சலகத்தில் அவள் பெயரில் இப்போதே மாதந்தோறும் கட்டத் தொடங்கியிருக்கிறோம்.